மச்சான் கார்டு

"மாமா, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் லாரி ஓட்டணும். இந்த நாட்டு ரூல்ஸ் அப்படி. நம்ம டிரைவர் கார்டைச் செருகினதும் வண்டியில இருக்கிற மெஷின் ஒவ்வொரு நிமிஷத்தையும் பதிஞ்சு வச்சுக்கும்."

"போடா தொடைநடுங்கி! நம்ம ஊர்ல ராத்திரி பகல் பார்க்காம ஓட்டினவன்டா நான்."

மச்சானும் லாரி டிரைவர்தான். ஒரு மாதமாக இடுப்பு வலி என்று சோபாவில் கிடந்துகொண்டு சட்டம் பேசுகிறான். இவனெல்லாம் ஒரு டிரைவர் என்று முகத்தைச் சுளித்த மாமா, கிளம்பும்போது அவன் சட்டைப்பையில் சும்மா கிடந்த கார்டை உருவிக்கொண்டார்.

மாலையில் ஒன்பது மணி நேரம் முடிந்தபோது, வீட்டுக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் இருந்தது. தன் கார்டை எடுத்துவிட்டு மச்சான் கார்டைச் செருகினார். மெஷின் வாயே திறக்கவில்லை.

"இந்த டப்பாவுக்கா பயந்து சாகிறான்!"

ஊர் எல்லையில் ஒரு பெண் அதிகாரி வண்டியை மறித்து, கார்டை வாங்கிப் பார்த்தார்.

"இந்தப் போட்டோவுல இருக்கிறவர் எங்க?"

"என் மச்சான், மேடம். இவ்வளவு நேரம் அவன்தான் ஓட்டினான். இப்பத்தான் அதோ, அந்த முக்குல இறங்கிப் போறான். ரூல்ஸ்னா உயிரையே விடுவான்."

அதிகாரி சிரித்தார்.

"அவருக்கு ஒரு மாசமா லாரி ஓட்டவே தடை. அடுத்தவர் கார்டைப் போட்டு ஓட்டி, இதே இடத்துல என்கிட்டதான் மாட்டினார். 'கார்டுக்காரர் இப்பத்தான் இறங்கிப் போறார்'னு அவரும் அந்த முக்கைத்தான் காட்டினார்."