நிலையில் கட்டிய வேப்பிலை

காலையில் கதவைத் திறந்த கோசலா திடுக்கிட்டு நின்றாள். அவள் வீட்டு நிலையில் யாரோ வேப்பிலை கட்டியிருந்தார்கள்.

வேப்பிலை கட்டினால் வீட்டில் அம்மை என்று அர்த்தம். ஆத்தா வந்திருக்கிற வீட்டுக்குள், அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், யாரும் கால் வைக்க மாட்டார்கள்.

உள்ளே ஓடிப் போய்க் குழந்தை கேஷிகாவின் சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு கொப்புளம்கூட இல்லை.

கேஷிகா மாதம் நிறையாமல் பிறந்தவள். இளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டவள். இன்னொரு காய்ச்சல் வந்தால் பிள்ளையின் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். தோட்டம் முழுக்கச் சளிக்காய்ச்சல் பரவியிருந்த நேரம் அது. வீட்டுக்கு வீடு இருமல். யாரையும் பிள்ளையிடம் விடவேண்டாம் என்று மருத்துவிச்சியம்மாவும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். லயத்தில் அது நடக்கிற காரியமா? கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் உள்ளே நுழைந்து பிள்ளையைக் கொஞ்சிவிட்டுத்தான் போவார்கள். முந்தின நாள்கூடச் சின்னத்தம்பி மாமா இருமிக்கொண்டே பிள்ளையை வாங்கினார். கோசலா தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தாள்.

"நம்ம புள்ளைய நாம தூக்காம, தொரையா வந்து தூக்குவாரு?" என்று அவர் சிரித்தார்.

அவளும் சிரித்து வைத்தாள். அவர் போனபிறகு சாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழுதாள்.

அந்தக் கவலை போதாதென்று இப்போது இது.

அவிழ்த்து எறியக் கையைத் தூக்கினாள். கை தானாக இறங்கியது. யார் கட்டியிருந்தாலும் ஆத்தா பேரில் கட்டியது. நாள் கணக்கு முடிந்து பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றாமல் அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்து, அந்தக் கோபத்தில் ஆத்தா நிஜமாகவே வந்துவிட்டால்?

யார் வேலை என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பக்கத்து வீட்டுக் காளியாயிதான். பீலியில் தண்ணீர் பிடிக்கிற சண்டையில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று போயிருந்தது. இன்றைக்குப் பார்த்து, காளியாயி காவல்காரி மாதிரி தன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களை எல்லாம் விரட்டினாள். சின்னத்தம்பி மாமா தூரத்திலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்.

அம்மை இல்லை என்று கோசலா சொல்லிப் பார்த்தாள். "ஆத்தாவ மறைக்காதடி" என்று பெண்கள் கஞ்சியைப் படியில் வைத்துவிட்டு நகர்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ராசம்மா வந்தாள். கொழும்பில் வேலை செய்யும் கோசலாவின் கணவனுக்கு அவள் அக்கா. கீழே மாத்தளையில் இருக்கிறாள். பிள்ளையில்லாதவள். கேஷிகா என்றால் உயிர்.

அவளையும் காளியாயி வாசலில் மறித்தாள். கோசலா கதவருகே வந்து, "மதினி, பாருங்க, ஒண்ணுமில்ல" என்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள்.

ராசம்மா முந்தானையால் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டாள். ஒரு அடி பின்னால் போனாள். கொண்டுவந்த பையைப் படியில் வைத்துவிட்டு மழைத்தூறலில் இறங்கிப் போய்விட்டாள்.

என் பிள்ளையைப் பார்த்தா மூக்கைப் பொத்துறாங்க? கோசலாவுக்கு மனது விட்டுப்போனது. அதற்குப் பிறகு மதினியின் போன் வந்தபோதெல்லாம் அவள் எடுக்கவே இல்லை. பிள்ளை தும்மினால் ஓடுவாள். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கொப்புளம் தேடுவாள். திருநீறு பூசுவாள். தனியாகவே கிடந்தாள்.

இரண்டு வாரம் போய், ஒருவழியாகத் தோட்டத்தில் காய்ச்சல் தணிந்தது. பீலியில் பெண்கள் அதையேதான் பேசினார்கள். லயத்தில் படுக்காத பிள்ளை இல்லை, கேஷிகா மட்டும் ஒரு இருமல்கூட இருமவில்லையாம்.

"சில புள்ளைங்கள காய்ச்சல் அண்டாதுடி" என்றாள் வேலாயி. "ஆத்தா கூட இருந்தா எப்படி அண்டும்?"

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை கோசலா பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கும்பிட்டு, வேப்பிலையை அவிழ்த்தாள். காய்ந்த கொத்தைக் கையில் பிடித்தபடியே காளியாயியின் இஸ்தோப்பில் போய் நின்றாள்.

"நல்லா இருக்கிற புள்ளைக்கு வேப்பில கட்டுனீங்களே அக்கா, நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

காளியாயி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ஒன்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, வர்றவங்ககிட்ட எல்லாம் உண்மையச் சொல்லி உள்ள விட்டிருப்ப. சரி, இந்தக் குளிர்ல வேப்பமரம் எங்க நிக்குது? அதச் சொல்லு பாப்போம்."

கோசலா யோசித்தாள். தோட்டத்தில் ஏது வேப்பமரம்? கோயில் திருவிழாவுக்கே கீழே மாத்தளையிலிருந்துதான் வரும்.

மாத்தளையிலிருந்து.

"ராசம்மாக்காதான் மொத நாள் சாயங்கால பஸ்ஸுல குடுத்துவிட்டாங்க" என்றாள் காளியாயி. "ஒன்னோட போன்ல பேசுறப்ப, சின்னத்தம்பி இருமுனது அங்க கேட்டுச்சாம். ஆத்தா பேர்ல பொய் சொல்ற பாவம் என்னோட போகட்டும், நீ கட்டிருன்னாங்க."

"அப்ப, மதினி ஏன் அன்னைக்கி வாயப் பொத்திக்கிட்டுப் போனாங்க?" என்றாள் கோசலா.

"அவங்களுக்கும் காய்ச்சல். மனசு கேக்காம, எட்ட நின்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தாங்க. பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே எனக்குப் போன் போட்டு, 'புள்ள மொகத்தப் பாத்தா தூக்காம இருக்க மாட்டேன் காளியாயி, நான் அழுதாலும் என்னைய உள்ள விட்றாத'ன்னு சொன்னாங்க."