பாலத்துக்கு முன்னால் ஒரு ஸ்டாப்

"ஷூவுல எப்படிடி இவ்வளவு மண்ணு? வீட்டு வாசல்ல வேன் ஏறி, ஸ்கூல் வாசல்ல இறங்குறவ நீ!"

மகள் திருதிருவென்று முழித்தாள். பிறகு குசுகுசுவென்று சொன்னாள். "வேன் மாமா எங்களைப் பாதி வழியில இறக்கி விடுவாரும்மா. வீட்டுல சொல்லக் கூடாதாம்."

அம்மா ஷூவைக் கீழே போட்டாள்.

அவள் லேசுப்பட்டவள் இல்லை. பெற்றோர் சங்கத்துச் செயலாளர். ரோடும் பாலமும் பராமரிக்கப் பெட்ரோல், டீசலுக்குக் கூடுதல் வரி போடப் போகிறார்கள் என்று சேதி வந்ததுமே, "இருக்கிற விலை பத்தாதா?" என்று கொதித்து எழுந்து, எதிர்த்து மனு எழுதி, படியேறிப் படியேறி முந்நூறு கையெழுத்து வாங்கியிருந்தாள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்றது ஒரே ஓர் ஆள். இந்த வேன்காரர்தான். நாள் முழுக்க டீசல் ஊற்றுகிற மனுஷன்!

இப்போதல்லவா புரிகிறது. பிள்ளைகளைப் பாதியில் தள்ளிவிட்டு டீசலை மிச்சம் பிடிக்கிறார். வரி ஏறினால் அவருக்கென்ன, இறங்கினால் அவருக்கென்ன?

விடிந்ததும் முதல் வேலையாக வேறொரு வேன் டிரைவருக்குப் போன் போட்டாள். "நாளையிலேர்ந்து நீங்க வந்துடுங்க." பிறகு மனு இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில் வேனுக்குப் பின்னாலேயே போனாள். இருப்புக்கொள்ளவில்லை. ஹாரன்மேல் போன கையை இழுத்துக்கொண்டாள். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை.

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வேன் நின்றது. பதினாலு பிள்ளைகளும் இறங்கினார்கள். பெரிய வகுப்புப் பெண் முன்னால் போக, வரிசையாகப் பாலத்தில் நடந்தார்கள். அடப்பாவி!

கடைசிப் பிள்ளை அக்கரை சேரும்வரை வேன்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் பக்கத்துக் கதவைத் திறந்து, மூடாமல் கயிற்றால் இழுத்துக் கட்டினார்.

"என்னண்ணே நடக்குது இங்க? மாசாமாசம் பணம் வாங்குறது பிள்ளைங்களை நடக்க விடத்தானா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கத்தாதீங்க மேடம், பிள்ளைங்க பயந்துடும். இப்படி வந்து பாருங்க."

பாலத்துக்குக் கீழே காட்டினார். நடுத் தூணில் மேலிருந்து கீழ்வரை விரிசல். ஒரு கை நுழையும்.

"ரெண்டு வாரமா பெருசாகிட்டே வருது. நெடுஞ்சாலை ஆபீசுக்கு மூணு தடவை போய்ச் சொல்லிட்டேன். வரி வந்தாத்தான் ரிப்பேருக்குப் பணம்கிறாங்க. பிள்ளைங்க நடந்தா தாங்கும். வேன் கனம்தான் சந்தேகம். அதான் வெறும் வேனை நான் மட்டும் ஓட்டிட்டுப் போய், அந்தப் பக்கம் அவங்களை ஏத்திக்கிறேன்."

"அப்ப சுத்துவழியில போறதுதானே?"

"இருபத்திரண்டு கிலோமீட்டர் கூடுதல். அதுக்குத்தான் போன வாரம் டீசலுக்குக் கொஞ்சம் சேர்த்துக் கேட்டேன். முடியாதுன்னுட்டீங்க."

அப்படிச் சொன்னது அவளேதான்.

"எங்ககிட்ட விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"கையெழுத்துப் போடாதவன் சொன்னா நம்புவீங்களா? வரிக்கு ஆள் பிடிக்கிறான்னுதானே சொல்லுவீங்க."

அவள் பேச்சை மாற்றினாள். "கதவை எதுக்குக் கட்டினீங்க?"

"குதிக்கணும்னா குதிக்கத்தான்" என்று சிரித்தார்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அவசரத்தில் விரல் ஸ்பீக்கரில் பட்டுவிட்டது.

"மேடம், புது டிரைவர் பேசுறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வேனைக் கொண்டு வரணும்?"

வேன்காரரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார்.

"குடுங்க மேடம் அந்த மனுவை, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். என்னை மட்டும் நிறுத்திடாதீங்க. புதுசா வர்றவரு பிள்ளைங்களோடயே பாலத்துல ஏத்திடுவாரு."