தண்ணி ஐயா

முன்னறையில் ஐயா வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேக்கரிக்காரர், குனிந்த தலை நிமிராமல்.

பேக்கரிக்காரரின் மகன் காவலில் இருக்கிறான். கலவரத்தில் அவன் வீசிய கல்லில்தான் இந்த வீட்டுப் பிள்ளை செத்தான். நேற்றுதான் அடக்கம்.

செத்தவனைப் பெற்றவள் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தாள். அழுகை வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. யாரோ வீட்டுச் சாவுக்கு வந்து உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

ஐயா வாயைத் திறக்கமாட்டார். அவர் வழக்கம் அது. பிரார்த்தனைக் கூடத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று இருந்த பின்வாசலை அடைத்து, எல்லோரையும் முன்வாசல் வழியே நடக்க வைத்தவர். கலவரத்தில் சாவு விழுந்த வீட்டுக்கு, கொன்றவர் பக்கத்து ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார். பேசாமல் உட்காருவார். வந்த ஆளுக்கு அந்த வீட்டார் தண்ணீர் கொடுத்துவிட்டால், பழிக்குப் பழி இல்லை என்று அர்த்தம். கள்ளை முகர்ந்துகூடப் பார்க்காத மனுஷனுக்கு 'தண்ணி ஐயா' என்று பட்டப்பெயர் வந்தது இப்படித்தான்.

இதுவரை எந்த வீடும் மறுத்ததில்லை.

அவளும் கூடப் போயிருக்கிறாள். கொடும்மா, மனசு ஆறும் என்று எத்தனை தாய்மாரின் தோளைத் தொட்டிருக்கிறாள்! ஊருக்கு உபதேசம் சொல்வதில் என்ன சிரமம்.

சன்னலுக்கு வெளியே செத்தவனின் கூட்டாளிகள் கம்பியும் கட்டையுமாய் நின்றார்கள். தண்ணீர் கொடுத்தால் கலைந்து போவார்கள். கொடுக்காவிட்டால் பேக்கரித் தெரு எரியும். அங்கேயும் குழந்தை குட்டிகள் இருக்கின்றன. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

ஐயா அவளை நிமிர்ந்து பார்த்தார். எல்லா வீட்டிலும் பார்க்கும் அதே பார்வை, அதே பொறுமை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"என்னை ஏன் பார்க்கறீங்க? நம்ம பிள்ளைக்கு அப்பா நீங்கதானே. நீங்களே போய்க் கொண்டுவந்து குடுங்க."

ஐயா எழுந்து சமையலறைக்குப் போனார். தம்ளரை நிரப்பிக்கொண்டு வந்தார்.

பேக்கரிக்காரர் இரண்டு கைகளையும் ஏந்தினார். சன்னலில் தலைகள் நெருக்கியடித்தன.

ஐயா நின்றுகொண்டே இருந்தார். தம்ளரை நீட்ட அவருக்குக் கை வரவில்லை.