வாத்தியார் முந்திக்கொண்டார்

“ஏழு மணி அடிச்சாப் போதும், உனக்குத் துணி கொடுக்கப் போகணும்! ஒரு நாளாவது பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறியா?”

கட்டிலில் படுத்தபடியே கத்தினார் டிரைவர். அவர் மனைவி காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தைத்து முடித்த துணிகளைப் பையில் திணித்துக்கொண்டாள்.

“அந்தக் கேள்வி பதில் நிகழ்ச்சியைக் கண்டாலே எனக்குத் தலைவலி. நீங்களும் வாத்தியாரும் ஆடுங்க,” என்றவள், டிவியின் சத்தத்தைக் கூட்டினாள்.

“காது கிழியுது!”

“அவர் வீட்டு டிவி ரிப்பேராகிக் கிடக்கே. நம்ம வீட்டுச் சத்தத்தை வெச்சுத்தானே அவர் ஆடறாரு?”

டிரைவருக்கு முதுகெலும்பு போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. லாரி கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே எல்லாம் மரக்கட்டை. “கையையாவது காப்பாத்திக்குங்க. தினமும் அசைக்கலைன்னா அதுவும் விறைச்சுப் போயிடும்,” என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவர் கேட்கவில்லை. யாருக்காக அசைக்க வேண்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் தனியாகக் குடியிருந்தவர்தான் ஓய்வுபெற்ற வாத்தியார். ஒரு நாள் மாலை வந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“டிரைவர், நமக்குள்ள ஒரு போட்டி. நிகழ்ச்சியில கேள்விக்கு நாலு விடை சொல்றாங்க இல்லையா? எத்தனையாவது விடையோ அத்தனை தடவை சுவத்துல தட்டணும். முந்தித் தட்டினவருக்குத்தான் மார்க். தினம் அஞ்சு கேள்வி. தோத்தவர் ரெண்டு கையையும் தலைக்கு மேல அம்பது தடவை தூக்கணும். ஏமாத்தக்கூடாது!”

சும்மா கிடந்தவரை உசுப்பிவிட்ட மாதிரி ஆயிற்று. டிரைவருக்குத் தோற்கப் பிடிக்காது. தோற்றாலும் சொன்ன சொல் மாற மாட்டார். முனகிக்கொண்டே ஐம்பதையும் தூக்கி முடிப்பார். வாத்தியார் தோற்ற நாட்களில், அவர் மூச்சிரைக்க எண்ணுவது சுவர் வழியாகக் கேட்கும். அதைக் கேட்டு டிரைவர் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

நான்கு மாதத்துக்கு முன்பு வாத்தியாருக்குத் தொண்டையில் ஆபரேஷன். “பேசவும் கூடாதாம், வெளியில வரவும் கூடாதாம்,” என்று மனைவி வந்து சொன்னாள். எண்ணும் குரல் நின்றது. தட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

“வர வர வாத்தியாருக்கு மூளை மழுங்கிப்போச்சு,” என்றார் டிரைவர். “நேத்து சின்னக் கணக்குல கோட்டை விட்டாரு. சரித்திரமும் போச்சு. சமையல், சாமான்னு கேட்டா மட்டும் டக்குனு தட்டறாரு. தனியாவே பொங்கித் தின்னு தின்னு அப்படி ஆயிட்டாரு மனுஷன்!”

மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தாள். சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. காலையில்தான் அவர், “என்னை இப்படியே விட்டுடு. உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி,” என்று சொல்லியிருந்தார். பத்து நாளாகவே அதே பேச்சுதான். அவளுக்குப் பயமாக இருந்தது.

“இன்னிக்குத் தோத்தா அம்பதும் தூக்கணும். ஏமாத்தக்கூடாது,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. முதல் இரண்டும் டிரைவருக்கு. அடுத்த இரண்டும் வாத்தியாருக்கு. டிரைவர் சுவரோரம் கையை நீட்டித் தயாராக வைத்துக்கொண்டார். கடைசிக் கேள்விக்கு முன்னால் விளம்பரம் போட்டுத் தொலைத்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, இரண்டு வீட்டையும் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

“என்ன டிரைவர், அம்மா இல்லையா?”

“துணி கொடுக்கப் போயிருக்கா. சீக்கிரம் சொல்லுங்க சார், ஆட்டம் ரெண்டுக்கு ரெண்டுல நிக்குது.”

“ஒண்ணுமில்ல, பக்கத்து வீட்டுச் சாவி அவங்ககிட்ட இருக்கு. பெருக்கி வைக்கறேன்னு அப்பவே வாங்கினாங்க. காலையில புதுசா ஆள் குடிவராங்க, மறக்காம வாங்கி வைங்க.”

“குடிவராங்களா? அப்ப வாத்தியார் எங்க போறாரு?”

வீட்டுக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“என்னப்பா இப்படிக் கேட்கறே? ஆபரேஷனுக்குப் போனவர் ஆஸ்பத்திரியிலேயே போய்ச் சேர்ந்துட்டாரே! நாலு மாசமா வீடு பூட்டித்தானே கிடக்கு?”

டிரைவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். டிவியில் விளம்பரம் முடிந்தது.

“கடைசிக் கேள்வி! தையல் மெஷினில் அடிநூலைச் சுற்றி வைக்கும் பகுதிக்கு என்ன பெயர்? ஒன்று, ஹேண்டில். இரண்டு, பெடல். மூன்று, பாபின். நான்கு...”

நான்காவதைச் சொல்லி முடிப்பதற்குள் சுவர் அதிர்ந்தது.

டொக். டொக். டொக்.

வீட்டுக்காரர் ஓரடி பின்வாங்கினார். “பூட்டின வீட்டுக்குள்ள யாருய்யா தட்டறது?”

டிரைவர் அறை மூலையில் இருந்த தையல் மெஷினையும் அதன் முன்னால் காலியாகக் கிடந்த ஸ்டூலையும் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நாளை முதல் அந்தச் சுவரில் யாரும் தட்டப்போவதில்லை.

“வாத்தியார்தான் சார், இன்னிக்கும் முந்திக்கிட்டாரு,” என்றவர், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி உரக்க எண்ண ஆரம்பித்தார். “ஒண்ணு... ரெண்டு...”