கடைசி அறையின் தொலைபேசி

காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவள் மாதிரி எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள் ஒப்துலியா அக்கா.

வெராகுரூஸ் கடற்கரை ஓட்டல் ஒன்றில் நான் அறை அறையாகத் தொலைபேசிகளைக் கழற்றி மூட்டையில் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் அடுத்த அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். நான் போவதற்குள் அந்த அறையை முடித்து, அங்கிருந்தே கீழே ரிசப்ஷனுக்குப் பேசிவிட வேண்டும். அதுதான் அவளுடைய அவசரம்.

சுத்தம் செய்த அறையிலிருந்தே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது அந்த ஓட்டலின் பழைய சட்டம். நாளை முதல் அது கிடையாது. கைபேசியில் அறை எண்ணைத் தொட்டால் பச்சையாகிவிடுமாம்.

"முன்னூத்திப் பதினாலு ரெடி."

அந்தப் பக்கம் எர்மிலோ. காலையில் சாவி வாங்கும்போது பார்த்தேன். டை கட்டிய பெரியவர். ஜன்னலே இல்லாத மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"கடல் எப்படி இருக்கு?"

வாசலில் நிற்கிற எனக்கே கேட்டது. அக்கா திரையை விலக்கிப் பார்த்தாள். "பச்சையா இருக்கு. ரெண்டு கப்பல் நிக்குது."

அடுத்த அறையில், "வடக்குக் காத்து கிளம்பிடுச்சு. நுரை நுரையா வருது." அதற்கடுத்த அறையில், "ஒரு கப்பல் போயிடுச்சு." ஒவ்வொரு அறைக்கும் ஒரு கடல் சொன்னாள். கூடவே ஒரு சிரிப்பு.

நான் வெளியாள், ஒப்பந்தக்காரர் அனுப்பியவன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"என்னக்கா, இந்த வயசுல லவ்வா? வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "உன் வேலையைப் பாருடா, வயர் கடிக்கிற எலி."

பிறகு அவளே, தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே சொன்னாள். "சாம்பல் கிண்ணம் போச்சு, யாரும் கேக்கலை. ஷூ துடைக்கிற துணி போச்சு, ஊசிநூல் பொட்டலம் போச்சு. டிராயர்ல இருந்த பைபிளும் போச்சு. சாமியையே யாரும் தேடலை. இந்தப் போனையா தேடப் போறாங்க?"

குளியலறைச் சுவரில் பாட்டில் திறப்பான் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு அறையிலும் அப்படித்தான்.

ஐந்தாம் மாடியின் கடைசி அறையில் அவளைப் பிடித்துவிட்டேன்.

விரித்த படுக்கையின்மேல் உட்கார்ந்திருந்தாள். அந்த வேலையில் இருப்பவர்கள் ஒருநாளும் அதைச் செய்ய மாட்டார்கள்.

"ஐநூத்திப் பதினாறு ரெடி."

"கடல் எப்படி இருக்கு?"

திரையை விலக்கவில்லை. "இது கடைசிப் போன்," என்றாள்.

"ம்."

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவள் தொலைபேசிக் கம்பியை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கத்தினேன். கீழேயிருந்து மேற்பார்வையாளன் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

"கடல் கலங்கிக் கிடக்கு," என்றாள் அக்கா. பார்க்காமலே சொன்னாள். அப்படியே ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுத் தள்ளுவண்டியோடு வெளியே போய்விட்டாள்.

"அப்புறம்?" என்றது ரிசீவர். "ஒப்து, அப்புறம்?"

நான் வயரைப் பிடுங்கினேன்.

மதியம் தரைக்குக் கீழே இருந்த சமையலறையில் எனக்கும் சாப்பாடு போட்டார்கள். மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதிர்மேசையில் அவர்கள் இருவரும். அக்கா ஒரு டப்பாவைத் திறந்து, மீனும் சோறுமாகப் பாதியை அவர் தட்டில் வைத்தாள். அவர் சாப்பிட்டார். பேச்சில்லை. நிமிர்ந்து பார்க்கக்கூட இல்லை. காலையெல்லாம் கடல்கடலாகக் கொட்டியவளுக்கு இப்போது வாயில் கொழுக்கட்டையா?

சமையல்காரி கசில்தாவிடம் குனிந்து கேட்டேன். "ஊருக்குத் தெரிஞ்சிடும்னு பயப்படறாங்களோ?"

"ஊருக்கு என்னடா தெரியணும்? புருஷன் பொண்டாட்டி அவங்க," என்றாள், பானையைக் கிண்டுவதை நிறுத்தாமல். "ஒரே வீடு, ஒரே பஸ். அப்பனோட சண்டை போட்டுக்கிட்டு மக கிளம்பிப் போனாளே, அதுலேருந்து வீட்டுல ஒரு சொல் கிடையாது. இங்க ரூம் ரெடின்னு சொல்லியாகணும்ல, அது ஒண்ணுதான் பேச்சு."

காலடியில் அந்த மூட்டை இடித்துக்கொண்டே இருந்தது. அதை எட்டி உதைக்க வேண்டும்போல் இருந்தது.

டிங்.

எங்கள் வெராகுரூஸில் காப்பிக்குப் பால் வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டியதில்லை. கரண்டியால் தம்ளரைத் தட்டினால் போதும், யாராவது வந்து ஊற்றுவார்கள்.

எர்மிலோ தட்டியிருந்தார். பால் கெட்டில் அக்காவின் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அவள் அசையவில்லை.

மறுபடி தட்டினார். கசில்தாவின் கரண்டி பானைக்குள் நின்றுவிட்டது.

அக்கா எழுந்தாள். கெட்டிலைத் தூக்கி, எல்லோரும் ஊற்றுவதுபோல் உயரத்திலிருந்து ஊற்றினாள். பால் மேசையில் சிந்தியது.

"அப்புறம்?" என்றார் எர்மிலோ.

பழக்க தோஷம், அவள் முகம் ஜன்னலைத் தேடித் திரும்பியது. அந்தச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. கடலைச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

"மக பேசினா," என்றாள். "அப்பா எப்படி இருக்கார்னு கேட்டா."