முழு மிதி

கவை கோட்டைத் தொடவில்லை.

ஒர்க்‌ஷாப் பள்ளத்துக்குள் நின்றபடி அவள் டார்ச்சை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். தலைக்கு மேல் கார். காருக்குள் அவள் கணவன்.

“முழுசா மிதிங்க.”

“முழுசாத்தான் மிதிச்சிருக்கறேன்.”

கியர்பாக்ஸின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த அந்த இரும்புக் கவை பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. எதுவரை வரவேண்டும் என்று அவளே சாக்பீஸால் கோடு போட்டிருந்தாள். இன்னும் அரை விரல்கடை இருந்தது.

கோட்டுக்கு வந்தால்தான் கிளட்ச் விலகும். விலகினால்தான் கியர் விழும்.

வியாழக்கிழமை மதியம். ஞாயிறு பந்தயம்.

“கிளட்ச் ஆயில் லைன்ல காத்து நிக்கிதாட்ட இருக்குது. பாரு” என்றான் மேலிருந்து.

கணபதி பகுதியில் இந்த ஒர்க்‌ஷாப்பைப் பன்னிரண்டு வருடமாக இருவருமாக நடத்துகிறார்கள். தமயந்தி பிரிப்பாள், பூட்டுவாள். லோகநாதன் ஓட்டுவான். வெளியே பேர் வாங்கியது அவனுடைய கால்கள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததே இல்லை.

மூன்று மாதமாகவே அவன் பழைய கிளட்சைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான். கியர் இடிக்கிறது. பல் உரசுகிறது. இந்த எஞ்சின் வேகத்துக்கு அது தாங்காது, இரட்டைத் தட்டு போட்டுவிடலாம் என்றான். ஜப்பானிலிருந்து வரவழைத்தான். பழையதைப்போல இரண்டு மடங்கு அழுத்தம் உள்ள ஸ்பிரிங்.

கழற்றிப் பார்த்தபோது பழைய தட்டு நன்றாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்கும்.

அவனிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

ஓரமாக வை என்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆயில் லைன் முனையிலிருந்த நிப்பிளில் கண்ணாடிபோன்ற குழாயைச் செருகினாள். மறுமுனையை ஆயில் பாட்டிலுக்குள் விட்டாள். காற்று இருந்தால் குமிழி வரும்.

அவன் மிதித்தான். விட்டான். மிதித்தான்.

சுத்தமான ஆயில். ஒரு குமிழிகூட இல்லை.

பன்னிரண்டாவது மிதிக்குப் பிறகு அவள் மேலே ஏறி வந்தாள்.

“கொஞ்சம் இறங்குங்க. நான் ஒருக்கா பாக்கறேன்.”

அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

அவள் உட்கார்ந்தாள். இடது காலைப் பெடலில் வைத்து அழுத்தினாள். கனமாகத்தான் இருந்தது. முட்டி நடுங்கியது. ஆனால் போனது. கடைசிவரை போய்த் தரையைத் தொட்டது.

அவள் எடை ஐம்பத்திரண்டு கிலோ.

இன்னொரு முறை அழுத்தினாள். இன்னொரு முறையும் தொட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். அவன் குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அவனுடைய இடது செருப்பு காருக்குப் பக்கத்திலேயே கிடந்தது. இரும்புச் சீவல் கிடக்கும் தரையில் அத்தனை தூரம் ஒற்றைச் செருப்போடு நடந்து போயிருக்கிறான்.

அது அவனுக்குத் தெரியவில்லை.

தூக்கத்தில் அவனுடைய இடது கெண்டைக்கால் துடிப்பதை அவள் பார்த்திருக்கிறாள். தோலுக்கடியில் ஏதோ நெளிவதுபோல. கேட்டதற்குச் சத்துக் குறைவு என்றான். ஒரு மாத்திரைப் பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்தான். அந்தக் கால் மற்றதைவிட மெலிந்திருந்ததையும் பார்த்திருந்தாள். பார்த்ததாக நினைக்காமல் இருந்திருக்கிறாள்.

அவள் இறங்கிக் குனிந்து செருப்பை எடுத்து அவன் இறங்கும் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தான். செருப்பைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

“என்ன, காத்துத்தான?”

பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை காத்திருப்பவள்போல அவள் ஸ்பேனரைத் துடைத்தாள்.

“ஆமாங்க. காத்துத்தான்.”

அவன் தலையாட்டினான். மறுபடி ஏறி உட்கார்ந்தான்.

அவள் பள்ளத்துக்குள் இறங்கினாள்.

“மிதிங்க.”

பாதி.

“குமிழி வருதுங்க. இன்னொருக்கா.”

பாதி.

“வருது. மிதிங்க.”

அதற்கும் குறைவு.

எத்தனை முறை என்று எண்ணவில்லை. பாட்டிலில் ஆயில் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே அவன் மூச்சு வாங்குவது தகரத்தைத் தாண்டிக் கேட்டது. போதும் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அப்போது கவை நகர்ந்தது.

மெதுவாக. பாதியைத் தாண்டியது. கோட்டை நெருங்கியது. தொட்டது. தொட்டு, அங்கேயே நின்றது.

தமயந்தி டார்ச்சைத் தாழ்த்தினாள். நிஜமாகவே காற்றுதான் இருந்திருக்கிறது. எங்கோ ஒரு வளைவில் அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இவ்வளவு நேரம் என்னென்னவோ நினைத்துவிட்டாள். சிரிப்புக்கூட வந்தது.

இரண்டு இரண்டு படியாக மேலே ஏறினாள்.

கதவு திறந்திருந்தது.

அவன் இரண்டு கைகளையும் இடது முட்டியின்மேல் வைத்து, உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்து அழுத்திக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெற்றி ஏறக்குறைய ஸ்டியரிங்கைத் தொட்டது. ஸ்டியரிங்கில் கை இல்லை.

“போயிருச்சா?” என்றான். நிமிரவில்லை.

அவள் டார்ச்சை அணைத்தாள்.

“போயிருச்சுங்க.”

சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்தாள். அந்தப் பக்கம் இருக்கை கிடையாது. எடை குறைய வேண்டும் என்று போன வருடம் அவளேதான் கழற்றினாள். வெறும் தகரத்தில் காலை மடக்கி அவனருகே உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

லேத் நின்றுவிட்டது. அவன் இன்னும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் பெடல் மேலே வந்துவிடும்.