சிவப்புக் கட்டம்

"சார், இந்த வீடு எப்போ தண்ணில முங்கும்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க!"

பெரியவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். பஸ்ஸில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நின்றபடியே கேட்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

கடல் வெள்ள முன்கணிப்பு அலுவலகத்தில் அன்று ஒரே ஒரு கணிப்பாளர்தான் இருந்தார். சீட்டிலிருந்த முகவரியைப் படித்தார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார்.

"வீடு வாங்கப் போறீங்களாய்யா?"

"பொண்ணு குடுக்கப் போறோம். அவளே பாத்த பையன். நான் நேர்ல பாத்ததில்ல. போட்டோ மட்டும் காட்டினா. என் சம்சாரத்துக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்குத்தான் வீடு கடலை ஒட்டி இருக்கேன்னு உறுத்தல். ஆனா, நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம் போன வருஷமே வந்துடுச்சாமே? இனி தொண்ணூத்தொம்பது வருஷம் நிம்மதிதானே?"

இந்தக் கணக்கை வாரத்துக்கு நாலு பேராவது வந்து சொல்வார்கள். கணிப்பாளர் சிரித்துக்கொள்வார். இன்று சிரிப்பு வரவில்லை.

"தாயக்கட்டைல இப்போ தாயம் விழுந்துச்சுன்னா, அடுத்த தடவை விழாதா? நூத்துல ஒண்ணுங்கறது ஒவ்வொரு வருஷத்துக்கும்யா. அதுவும் பழைய கணக்கு. இப்போ கடல் மட்டம் ஏறுது."

கணினியில் ஊர் வரைபடம் கட்டம் கட்டமாக விரிந்தது. அந்த வீட்டுக் கட்டம் நல்ல சிவப்பு.

"அறுபது வருஷ அலை, புயல் எல்லாத்தையும் போட்டுப் பாத்தா, வருஷத்துக்கு முப்பதுல ஒண்ணு. முப்பது வருஷம் அங்க குடியிருந்தா, ஒரு தடவையாவது கீழ்த்தளத்துல இடுப்பளவு தண்ணி வர பத்துக்கு ஆறு வாய்ப்பு இருக்கு."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "இதைக் காட்டினா வீட்டுல கல்யாணத்தையே நிறுத்திடுவாங்க. ஒரே ஒரு கட்டம், மஞ்சளாக்கிக் குடுத்துடுங்களேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

கணிப்பாளரின் கை மௌஸ் வரை போனது. ஒரு சொடுக்கில் முடிகிற வேலை. கையை இழுத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணுக்குத்தான்யா நஷ்டம். தண்ணி வர்றப்போ அங்க நிக்கப் போறது அவங்கதான். கல்யாணம் நின்னாலும் பரவாயில்ல, அந்தக் கீழ்த்தளத்துக்கு அனுப்பாதீங்க."

பெரியவரின் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். சிவப்புக் கட்டத்தோடே அச்செடுத்துக் கொடுத்தார்.

பெரியவர் அந்தத் தாளை டிக்கெட்டைப் போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"டிக்கெட் வாங்காதவன் என் கண்ணைப் பாத்துப் பேசமாட்டான் சார். முப்பது வருஷ அனுபவம்."

வாசல்வரை போனவர் திரும்பினார்.

"போட்டோவுல இருக்கறதைவிடக் கொஞ்சம் இளைச்சிருக்கீங்க. கல்யாணத்துக்குள்ள மேட்டுப் பக்கமா ஒரு மாடி வீடு பாருங்க. உங்க அப்பா அம்மாவையும் அங்கயே கூட்டிட்டு வந்துடுங்க, மாப்பிள்ளை!"